ஒரு மணிக்குத் திறக்கும் சமையல்கூடக் கதவு

இந்த மாதக் கடைசியில் நான் வேலையை விடுகிறேன். கணவருக்கு ஓசூருக்கு மாற்றல். என் இடத்துக்கு வரும் உங்கள் இருவரிடமும் ஒப்படைக்க வேண்டியவை எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. பயிற்சிக் கையேடு, படிவக் கட்டு, பள்ளிகளின் பட்டியல், புரொஜெக்டர். அதன் ஒயரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்தான் படம் வரும். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரும் இதையெல்லாம்தான் ஒரு பையில் போட்டுத் தந்துவிட்டுப் போனார். அந்தப் பையில் இல்லாத ஒன்றை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்து மூன்று வயதில் அனுபவம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிகிறது. எழுதாமல் போனால் பொறுப்பில்லாமல் போனது போல இருக்கும். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் வேலை என்னவென்று வெளியே யாருக்காவது விளக்கிப் பாருங்கள், கஷ்டம் புரியும். வீட்டில் நோயில் கிடப்பவரையோ, தன்னால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரையோ கவனிக்கும் பொறுப்பு சில பிள்ளைகள் தலையில் விழுந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள் அடையாளம் கண்டு துணை நிற்க வேண்டும். எப்படி என்று சொல்லிக்கொடுக்க நாம் போகிறோம். என் மாமியார் இதை ஐந்து வருடமாகக் கேட்டுவிட்டு, இன்றும் பக்கத்து வீட்டில் "டீச்சருங்களுக்கு டியூஷன் எடுக்குறா" என்றுதான் சொல்கிறார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. பெயர் வேண்டாம், பட்டியலில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அங்கே ஒரு சனிக்கிழமை காலை பயிற்சி. எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஆசிரியர்கள் இருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்தவள் என்ன விற்க வந்திருக்கிறாள் என்று பார்க்கும் பார்வை. அதை நீங்களும் சந்திப்பீர்கள், பயப்படாதீர்கள். விடுமுறை நாளில் கூப்பிட்டால் நாமும் அப்படித்தான் பார்ப்போம்.

முதலில் பேசியவர் எட்டாம் வகுப்பு ஜெயந்தி டீச்சர்.

"மேடம், கடைசியில இதுக்கும் ஒரு ஃபார்ம் இருக்குமே?"

எல்லோரும் சிரித்தார்கள். என் பையில் ஃபார்ம் இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"வீட்ல வேலை செய்யாத பொண்ணு எங்க ஸ்கூல்ல யாரு மேடம் இருக்கா? நானே அஞ்சாவது படிக்கிறப்ப சோறு வடிச்சேன். கெட்டா போயிட்டேன்?"

"நீங்க அன்னைக்கு வடிக்கலைன்னா வேற யாராவது வடிச்சிருப்பாங்க இல்லையா டீச்சர்? நான் சொல்ற பிள்ளை செய்யலைன்னா அந்த வீட்ல செய்ய ஆளே கிடையாது. அதுதான் வித்தியாசம்."

அவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "சரி. அது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்குத்தான் ஃபார்ம் என்று எடுத்துக் கொடுத்தேன். எட்டு அடையாளங்கள். அடிக்கடி தாமதம், வகுப்பில் தூக்கம், மதிய இடைவேளையில் காணாமல் போவது, தோழிகளோடு சேராதது, மறைத்து வைத்த செல்போன், அடிக்கடி விடுப்பு, வீட்டுப்பாடம் செய்யாதது, பெற்றோர் பள்ளிக்கு வராதது. இரண்டு வாரம் உட்கார்ந்து தயாரித்தது. எனக்கு அதில் பெருமை.

நடுவில் டீ வந்தது. சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கும் விஜயா அக்கா தட்டோடு வந்து ஒவ்வொருவராகக் கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகும் கதவருகில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெச்.எம். திரும்பிப் பார்த்து, "விஜயா, கதவைச் சாத்திட்டுப் போ, ஏ.சி. போகுது" என்றார். அவர் சாத்திவிட்டுப் போனார். அடுத்த படத்துக்கு நான் தட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஜெயந்தி டீச்சர் போன் செய்தார்.

"மேடம், ஒரு கேஸ் மாட்டிக்கிச்சு."

அந்தச் சொல்லிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். என் ஃபார்ம் வேலை செய்துவிட்டது என்ற சந்தோஷத்தில் காதில் ஏறவில்லை.

எட்டாம் வகுப்பு தர்ஷினி. பெயரை மாற்றியிருக்கிறேன், இதில் வரும் மற்றவர்களின் பெயரையும்தான். பை சோதனையில் செல்போன் அகப்பட்டிருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு ஆளைக் காணோம், இருபது நிமிடம் கழித்து வியர்க்க விறுவிறுக்க வந்து உட்காருகிறாள். கேட் பூட்டித்தான் இருக்கிறது, எப்படிப் போகிறாள் என்று வாட்ச்மேனுக்கே தெரியவில்லை. விடுப்புக் கடிதங்களில் இருக்கும் அம்மா கையெழுத்து அவளே போட்டதாக இருக்கும் என்று டீச்சருக்குச் சந்தேகம்.

"எட்டுக்கு ஆறு டிக் மேடம்."

"அப்ப வீட்ல யாருக்கோ உடம்பு முடியலை போல டீச்சர்."

"அதையும் கேட்டுட்டேன். க்ளாஸ்ல எல்லாரையும் வச்சு, யார் யாரு வீட்ல முடியாதவங்களைப் பாத்துக்கிறீங்க, கை தூக்குங்கன்னு சொன்னேன். நாப்பது பேரும் தூக்கிட்டாங்க. ஒருத்தி, எங்க வீட்டு நாய்க்கு முடியலை டீச்சர்ங்கிறா. தர்ஷினி மட்டும் தூக்கலை. அதனால அது இல்லை. இது காதல்தான் மேடம். ஹெச்.எம். அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காங்க. நீங்களும் வாங்க."

வகுப்பு முழுக்கக் கை தூக்கும்போது ஒரு பெண் மட்டும் தூக்காமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவரில் ஒருவராவது யோசித்திருக்கலாம். அந்த வகுப்பில் கவனமாக யோசித்துப் பதில் சொன்னது அவள் ஒருத்திதான்.

போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது மகளின் பள்ளிக்குப் போன் செய்து, "இனியா சாப்பிட்டாளா?" என்று கேட்டேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் இருந்தவர், "இன்னும் பெல்லே அடிக்கலைங்க" என்றார். அந்த நாட்களில் எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது, அந்தப் பள்ளி ஆயா மேலும்தான். ஜாக்கிரதையாக இருப்பது தாயின் கடமை என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன்.

ஹெச்.எம். அறையில் தர்ஷினி சுவரோரமாக நின்றாள். ஒல்லியான பெண். இரட்டைப் பின்னல், ஒரு பின்னல் சரியாக வரவில்லை. பக்கத்தில் நாற்பது வயதுக்கு மேலான ஓர் அம்மாள், நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். வலது ஆள்காட்டி விரலில் வாழைநார் சுற்றிய தடம் பச்சையாக இருந்தது. பூக்கட்டுகிறவர் என்று தெரிந்தது.

"என்னம்மா, பொண்ணு என்ன பண்றான்னு கவனிக்கிறதே இல்லையா?" என்று ஹெச்.எம். ஆரம்பித்தார்.

"இனிமே கவனிச்சுக்கிறேங்க."

"செல்போன் யார் வாங்கிக் கொடுத்தது?"

"இனிமே கொடுக்க மாட்டேங்க."

எதற்கும் மறுபேச்சில்லை. எதையும் கேட்கவும் இல்லை. எனக்கு அங்கேதான் முதலில் உறுத்தியது. பிள்ளையைத் திட்டும்போது எந்தத் தாயாவது பிள்ளையை ஒரு முறை திரும்பி முறைப்பாள், அல்லது டீச்சரை முறைப்பாள். இவர் எப்போது வெளியே விடுவார்கள் என்று கதவைப் பார்த்தார்.

டீ கொண்டுவந்த விஜயா அக்காவின் பின்னாலேயே வராந்தாவுக்குப் போய், "இவங்கதான் தர்ஷினியோட அம்மாவா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பொய் என்று தோன்றியது. உள்ளே வந்து, சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, "இவ எந்த மாசம் பொறந்தவ?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் தர்ஷினியைப் பார்த்தார். தர்ஷினி சட்டென்று, "ஆவணி" என்றாள்.

"உன்னைக் கேக்கலைம்மா."

எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. விரலில் நார்த் தடம், மதியம் காணாமல் போகும் பெண், உடந்தையாகச் சமையல்காரம்மா. எல்லாம் கோவையாக வந்துவிட்டது. பிள்ளையை மதிய வேளையில் கூட்டிப் போய்ப் பூக்கட்ட வைத்து வேலை வாங்குகிறார்கள், அதை மறைக்கத்தான் இந்த நாடகம். ஒரு தாயாக இருப்பதால்தான் என்னால் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று நினைத்தேன்.

"நீங்க இவளோட அம்மா இல்லை" என்றேன்.

ஹெச்.எம். எழுந்துவிட்டார். ஆள்மாறாட்டம், போலீஸ் என்றெல்லாம் பேசினார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார், ஹெச்.எம்.மைப் பார்த்து அல்ல.

"எதிர் வீட்டுக்காரிங்க நான். செல்வின்னு பேரு. பொண்ணு அழுதுச்சு, வந்தேன். எனக்கெதுக்குங்க இந்த வம்பு? இன்னியோட சரி. அந்த வீட்டுப் படி நான் ஏறலை."

அவர் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு தகவல் இருந்தது. அந்த வீட்டுப் படி தினமும் ஏறிக்கொண்டிருந்தவர் என்பது. நான் அதைப் பிடிக்கவில்லை. "எதிர் வீட்டுக்காரி" என்பதை மட்டும் ஒப்புதல் வாக்குமூலம் போல எடுத்துக்கொண்டேன்.

தர்ஷினி அழவில்லை. ஹெச்.எம்., "நாளைக்கு நிஜ அம்மா வரணும். இல்லைன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிடு" என்றார். எட்டாம் வகுப்புப் பிள்ளையை அப்படி அனுப்பிவிட முடியாது, மிரட்டுவதற்காகச் சொல்வது. பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஜெயந்தி டீச்சர் போனில், "ஓடிக்கீடிப் போயிருக்குமோ மேடம்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்த மூன்று நாளும் தினமும் போன் செய்தது அவர் ஒருவர்தான்.

நான் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் அடித்து வைத்தேன். குழந்தை உழைப்பு, ஆள்மாறாட்டம், பள்ளிப் பணியாளர் உடந்தை. அனுப்பு பொத்தானுக்கு மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தேன். அனுப்பாமல் இருந்து அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அனுப்பி அது தப்பாகப் போனால்? சரியாக யோசித்து நிறுத்தியதாக இன்று சொல்லிக்கொள்ளலாம். நிஜத்தில், "பூக்கட்டுகிறாள் என்று நேரில் பார்த்தீர்களா?" என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் இல்லையே என்ற பயத்தில்தான் நிறுத்தினேன். சில சமயம் பயமும் உதவும்.

நான்காம் நாள் மறுபடி பள்ளிக்குப் போனேன். விஜயா அக்காவை மடக்கிக் கேட்பதற்காகவே போனேன். சத்துணவுக் கூடத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு ஏன் அம்மான்னு பொய் சொன்னீங்க?"

"நீங்க என்னை வேலையை விட்டு எடுக்கவா வந்திருக்கீங்க?"

"இல்லை."

"சத்தியமாவா?"

"எனக்கு அந்த அதிகாரமே கிடையாதுங்க" என்றேன். அதுதான் உண்மை.

அதைக் கேட்ட பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூடத்தின் பின்பக்கம் விறகும் சிலிண்டரும் இறக்குவதற்கு ஒரு சின்னக் கதவு. தாழ்ப்பாளைத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு வருஷமா ஒரு மணிக்கு இந்தக் கதவாலதான் போவா. இருபது நிமிஷத்துல வந்துடுவா. அவ சோத்தை டப்பால போட்டுக் கொடுப்பேன், ஒரு கரண்டி கூடப் போடுவேன். அது தெரிஞ்சா என் வேலை போயிடும், அதான். அவ அம்மாவுக்கு வலிப்பு வரும். புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். மாத்திரை சாப்பிட்டோமா இல்லையான்னு அதுக்கு ஞாபகம் நிக்காது. ஒரு தடவை ரெண்டு வேளை மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க எழுந்திருக்கலை. அதுலேருந்து மாத்திரை அட்டை இந்தப் பொண்ணுகிட்டதான் இருக்கும். மதியம் போயி வாயில போட்டுட்டு வருவா. மத்த நேரம் செல்வி எட்டிப் பாத்துக்கும். இப்ப அதுவும் வரதில்லை."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்கு ட்ரெய்னிங்ல இதைப் பத்தித்தானே பேசினோம். நீங்களும் நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"என்கிட்ட நீங்க கேட்டது டீ மட்டும்தாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. டீக்கு எத்தனை சர்க்கரை என்று சொல்கிற மாதிரி சொன்னார். "அதுவும் இல்லாம, சொன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு அப்பத் தெரியலை. இப்பத் தெரிஞ்சு போச்சு."

அன்று மாலை அவரோடு அந்த வீட்டுக்குப் போனேன். "கழுத்துல மாட்டியிருக்கிறதைக் கழட்டுங்க" என்றார். ஐ.டி. கார்டைக் கழற்றிப் பையில் போட்டேன். வீட்டுச் சொந்தக்காரருக்கு வலிப்பு விஷயம் தெரிந்தால் காலி செய்யச் சொல்லிவிடுவார், அட்டை மாட்டிய ஆள் வந்து போனால் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும் என்று வழியில் சொன்னார். நம் கையேட்டில் 'வீட்டுக்குச் செல்லும்போது அடையாள அட்டை அவசியம்' என்று போட்டிருக்கிறது. பையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டுங்கள். கழுத்தில் வேண்டாம்.

ஒரே வாசலுக்குள் நான்கு குடித்தனங்கள். மூன்றாவது அவர்களுடையது. தர்ஷினிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் பாதி சாத்தினாள்.

"அம்மாவுக்குக் காய்ச்சல். நாளைக்கு ஸ்கூலுக்கு வரேன்."

"உள்ள வரச் சொல்லு பாப்பா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவள் அம்மா ரேவதிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நோயாளி என்று யாரும் சொல்ல முடியாது. தலை வாரி, பொட்டு வைத்து, சுத்தமாக இருந்தார். நெற்றி ஓரத்தில் மட்டும் ஒரு வீக்கம், புதிது. முந்தாநாள், தர்ஷினி கடைக்குப் போயிருந்த நேரத்தில், குழாயடியில் விழுந்திருக்கிறார். வழக்கமாக அந்த நேரத்தில் செல்வி எட்டிப் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான். அதை ரேவதி சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அவளை எங்கயாவது ஹாஸ்டல்ல போடப் போறீங்களா?"

"இல்லைங்க."

"இல்லைன்னுதான் சொல்லுவீங்க."

"இல்லைங்க, நிஜமா…"

"லீவ் லெட்டர்ல என் கையெழுத்தை அவளே போட்டான்னு டீச்சர் சொன்னாங்களாம். அதெல்லாம் நான் போட்டது. நான் பி.காம். முடிச்சவ." ஒரு நோட்டை எடுத்து என் முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்ணைச் சுற்றி இருந்த எல்லாவற்றிலும் நாங்கள் சந்தேகப்பட்ட கையெழுத்து ஒன்றுதான் முழு உண்மை.

பிறகு அவர் கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"ஒரு பொண்ணு. அஞ்சு வயசு."

"உங்களுக்குத் தலைவலின்னா அவ என்ன பண்ணுவா?"

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அந்த நாட்களில் இனியா டிவியை நிறுத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பொம்மையோடு சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்துகொள்வாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சமத்து என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன்.

"தண்ணி கொண்டு வருவா" என்றேன்.

"அதுக்கு யாராவது உங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சாங்களா?"

அன்றிலிருந்து இனியா தண்ணீர் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. அது அன்பா, பாரமா என்று இன்னும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

கிளம்பும்போது தர்ஷினியிடம், உனக்கு ஸ்கூல் என்ன செய்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"க்ளாஸ்ல யாருக்கும் தெரியக் கூடாது. செல்வி அத்தை திரும்ப வரணும்."

பணமோ, புத்தகமோ, ஆலோசகரோ கேட்கவில்லை. இரண்டே விஷயம். இரண்டாவதைக் கெடுத்தவள் நான்.

செல்வி கோயில் போகும் வழியில் உட்கார்ந்து பூ விற்பவர். மறுநாள் காலையில் போனேன். என்னைப் பார்த்ததும் கூடையில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். தெளித்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புங்க. உங்களைச் சந்தேகப்பட்டேன். அந்தப் பொண்ணை வேலை வாங்குறீங்கன்னு நெனச்சேன்."

"பூக்கட்டவா? அவளா?" முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஒரு தடவை கட்டுன்னு கொடுத்தேன். நாலே கண்ணி. அதுவும் அவுந்து போச்சு."

பக்கத்துக் கடைக்காரப் பெண் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. செல்வி சிரிக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேணாங்க. நாளைக்கு மறுபடி கூப்பிட்டு வச்சு, நாலு பேர் முன்னாடி நீ யாருன்னு கேக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. "எழுத்துல வாங்கித் தரேன்" என்றேன். அவர் நம்பவில்லை. கிளம்பும்போது, "சும்மா போகாதீங்க, ஒரு முழம் வாங்கிட்டுப் போங்க, போணி ஆகலை" என்றார்.

ஹெச்.எம்.மிடம் போனது அதைவிடக் கஷ்டம். அவர் கெட்டவர் இல்லை. எண்ணூறு பெண்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"ஒரு மணிக்கு அனுப்பி ரோட்ல ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

"அவளை அனுப்ப வேணாம் மேடம். அந்த வேலையை ஒரு பெரியவங்க எடுத்துக்கணும். செல்வி எடுத்துப்பாங்க. ஆனா அவங்க இந்தப் பொண்ணுக்கு யாருன்னு ஸ்கூல் ஒத்துக்கணும்."

"அவங்கதான் பொய் சொல்லி வந்தவங்க."

"பெற்றோரைக் கூட்டிட்டு வான்னு நாமதான் மேடம் சொன்னோம். கூட்டிட்டு வர முடியாத பொண்ணுகிட்டச் சொன்னோம்."

அவர் நீண்ட நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். பெற்றோர் என்ற இடத்துக்குப் பக்கத்தில் 'அல்லது பாதுகாவலர்' என்று அச்சடித்திருந்தது. எத்தனையோ வருடமாக யாரும் நிரப்பாத இடம். ரேவதி கடிதம் எழுதித் தந்தார். ஹெச்.எம். அதைப் பழைய விடுப்புக் கடிதங்களோடு வைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோப்பில் வைத்தார். தர்ஷினியின் போன் தன் மேசை மேல் இருக்கும், இடைவேளையில் அவள் வந்து அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம் என்றார். மாத்திரை அட்டை செல்வியிடம் போனது. வைகுண்ட ஏகாதசி போலப் பூ வியாபாரம் நெருக்கும் நாட்களில் மட்டும் தர்ஷினி ஒரு மணிக்குப் போவாள். விஜயா அக்கா கதவைத் திறந்துவிட்டு, நோட்டில் போன நேரமும் வந்த நேரமும் எழுதுவார். அந்த நோட்டைப் பார்த்தால்தான் ஹெச்.எம்.முக்குத் தூக்கம் வரும். ஜெயந்தி டீச்சரைத் தவிர வகுப்பில் யாருக்கும் தெரியாது.

பதிவேட்டு நகலைச் செல்வியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மடித்துக் கூடைக்கு அடியில் வைத்தார். அன்று மதியம் அந்த வீட்டுப் படி ஏறினார் என்று விஜயா அக்கா சொல்லித்தான் தெரியும்.

அதன் பிறகு நான் செய்துகொண்ட மாற்றங்களைக் கையேட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அழித்துவிடாதீர்கள். எட்டு அடையாளங்கள் ஃபார்மைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது கொடுப்பதில் ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே துணையாக இருப்பது யார்? அதற்குப் பதில் தெரியும்வரை வேறு எதையும் கேட்காதீர்கள், யாரையும் அம்பலப்படுத்தாதீர்கள். பயிற்சிக்கு ஆசிரியர்களோடு வாட்ச்மேனுக்கும் ஆயாவுக்கும் சமையல்கூடத்தில் இருப்பவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்லுங்கள். பல ஹெச்.எம்.கள் முகம் சுளிப்பார்கள். டீயை வெளியே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். போடுகிறவர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் சந்தேகத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். என்னாலேயே முடியவில்லை. இன்றும் பாலத்தைத் தாண்டும்போது இனியாவின் பள்ளிக்குப் போன் செய்கிறேன். சந்தேகம் வரும்போது, அதை உண்மையென்று நிரூபித்துவிட்டால் அடுத்த நாள் யார் விழுவார்கள் என்று மட்டும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வருடக் கடைசிப் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். தர்ஷினி முறை வந்தபோது செல்வி எழுந்து போனார். நல்ல புடவை, தலையில் பூ இல்லை. விற்கிற பூவை வைத்துக்கொள்வதில்லை என்று பிறகு சொன்னார். ஜெயந்தி டீச்சர் ரேங்க் கார்டை நீட்டினார். செல்வி வாங்கிப் பார்த்தார்.

"கணக்குல ஏன் டீச்சர் கொறஞ்சிருக்கு? போன தடவை அறுபது எடுத்தாளே. நீங்க சரியா நடத்தலையா, இவ சரியா கேக்கலையா?"

தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு, "அத்தை, சும்மா இருங்க" என்று கிசுகிசுத்தாள். செல்வி அவளைத் திரும்பி ஒரு முறை முறைத்தார். பிறகு பேனாவை வாங்கி, தன் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

திரும்பி வரும்போது என் வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஆவணி மாசம். மிருகசீரிஷம். வெள்ளிக்கிழமை காலையில பொறந்தா. இந்தத் தடவை கேட்டு வச்சுக்கிட்டுத்தான் வந்தேன்" என்றார். "வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்லைங்க" என்றேன்.

தர்ஷினி இப்போது பத்தாம் வகுப்பு. அந்த மாலைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை. நான் பள்ளிக்குப் போனால் வராந்தாவின் அடுத்த பக்கமாக நடந்துபோகிறாள். உங்களையும் நம்ப மாட்டாள், என் இடத்தில் வந்தவர்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவளை நிறுத்திப் பேச்சுக் கொடுக்காதீர்கள். நலமா என்றுகூடக் கேட்க வேண்டாம். அந்தப் பள்ளியில் தலைமை மாறினாலோ, சமையல்கூடத்துக்கு ஆள் மாறினாலோ, முதல் வேலையாக ஒன்றை மட்டும் பாருங்கள். அந்தப் பின்கதவுக்கு வெளியே பூட்டு ஏறாமல் தாழ்ப்பாள் உள்பக்கமாகத்தான் இருக்கிறதா, ஒரு மணிக்குத் திறக்க ஆள் இருக்கிறதா என்று.